நலம், நலமறிய ஆவல்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வையொட்டி நோர்வூட்டில் சங்க உறுப்பினர் இருவர் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எங்களில் ஒருவர் வரலாறு படிப்பித்தவர். மற்றவர் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாகக் கடமையாற்றியவர். நூற்றாண்டு விழாவில் ஏதாவது பேசுங்கள் என்று சங்கம் கேட்டபோது, ஒருவருக்குப் பழைய கடிதங்கள் பிடிக்கும், மற்றவருக்கு நோயாளிகளின் கதை தெரியும், இரண்டையும் சேர்த்து ஒரு உரையாக்குவோம் என்று முடிவு செய்தோம். ஆகவே விக்டோரியா மகாராணி காலத்துப் பெரிய குடும்பமொன்றின் கடிதங்களில் நோயும் நலமும் எப்படி வருகின்றன என்பதை முதலில் சொல்லப் போகிறோம். அது நமக்கு எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தின் கதை நம் ஊர்ப் பாதையில்தான் வந்து முடிகிறது.

சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு படித்த எல்லோருக்கும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் ஞாபகமிருக்கும். 1833 என்ற ஆண்டை மனப்பாடம் செய்தோம். இராஜகாரிய முறை ஒழிப்பு, சட்டநிரூபண சபை, நீதித்துறை மாற்றங்கள் என்று விடை எழுதினோம். அந்த நீதித்துறை அறிக்கையை எழுதிய சார்ள்ஸ் ஹே கமரன் எங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. அவர் பொகவந்தலாவையில் இருக்கிறார். நோர்வூட் சந்தியில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் புனித மரியாள் ஆலயத்துக்குப் போய்விடலாம். அந்த ஆலய முற்றத்தில் அவரும் அவருடைய மனைவி ஜூலியா மார்கரட் கமரனும் பக்கத்தில் பக்கத்தில் உறங்குகிறார்கள்.

மனைவிதான் உலகமறிந்தவர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பனார் வங்காளத்தில் கும்பனி அரசின் உயர் உத்தியோகத்தர். 1863 இன் இறுதியில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவைக் கையில் எடுத்தார். டெனிசன், டார்வின், ஹெர்ஷல் முதலியோரின் முகங்களை இன்று நாம் பார்க்கும் விதத்தில் பார்க்கச் செய்தவர்களில் அவரும் ஒருவர். புகைப்படக் கலையின் வரலாறு எழுதும் எவரும் அவரை விட்டுவிட்டு எழுதுவதில்லை.

இந்தத் தம்பதியரைச் சேர்த்து வைத்ததே நோய்தான். 1836 அளவில் ஜூலியா உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவில் காய்ச்சலில் விழுந்த ஆங்கிலேயர் காற்று மாறுவதற்குப் போகும் இடமாக அக்காலத்தில் அது இருந்தது. அங்கே அதே காரணத்துக்காக வந்திருந்தவர் சார்ள்ஸ் கமரன். அவர் ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். 1838 இல் கல்கத்தாவில் திருமணம் நடந்தது.

இப்படிப்பட்ட குடும்பங்களில் கடிதம் என்பது மூச்சு மாதிரி. கணவன் ஒரு கண்டத்தில், பிள்ளைகள் இன்னொரு கண்டத்தில், சகோதரிகள் வேறொரு நாட்டில். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளை வெப்பமும் காய்ச்சலும் கொண்டுபோய்விடும் என்று பயந்து சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே தாய்மாரின் கடிதங்களில் பாதி, பிள்ளைக்கு இருமல் நின்றதா, பல் முளைத்ததா, எடை கூடியதா என்றுதான் இருக்கும். கப்பலில் போகும் கடிதம் சேருவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். காய்ச்சல் என்று எழுதிய கடிதம் கைக்கு வரும்போது பிள்ளை குணமாகி விளையாடிக்கொண்டிருக்கும், அல்லது மண்ணுக்குள் போயிருக்கும். கடிதத்தைப் பிரிக்கும் தாய்க்கு இரண்டில் எது என்று தெரியாது.

இன்று நாம் அவற்றைப் படித்தால், சின்னத் தடிமலுக்கு இத்தனை பக்கமா என்று தோன்றும். தாதியாக இருந்தவரின் கண்ணால் பார்த்தால் காரணம் விளங்குகிறது. காசநோய்க் கிருமியைக் கொக் கண்டறிந்தது 1882 இல். மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்று ரொஸ் காட்டியது 1897 இல். அதற்கு முன் நோய் காற்றில் வருகிறது, ஈரத்தில் வருகிறது, குளிரில் வருகிறது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். அன்டிபயோட்டிக் என்ற பேச்சே கிடையாது. தடிமல் நெஞ்சுச் சளியாகி நிமோனியாவானால் பணமும் பட்டமும் காப்பாற்றாது. பிரபு வீட்டிலும் அதே பயம். கையில் இருந்த மருந்துகளோ அபின் கலந்தவை, மோர்ஃபியா, பின்னாளில் குளோரல். வலியை மறக்கச் செய்யும், நோயை மாற்றாது. மிச்சமெல்லாம் படுக்கை, கஞ்சி, சூப், காற்று மாற்றம்.

சூப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பிய ஆங்கிலக் குடும்பங்கள் இங்கிலாந்திலும் விடாமல் குடித்த 'முலிகாட்டோனி' என்ற சூப் நம்முடைய மிளகுத் தண்ணீர்தான். பெயரும் நம் மொழியிலிருந்து போனதுதான். லயத்தில் காய்ச்சல்காரருக்குக் காய்ச்சிக் கொடுக்கும் மிளகு ரசமும் சீமான் வீட்டு மேசையில் வைத்த முலிகாட்டோனியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஜூலியா கமரன் நீண்ட கடிதங்களுக்குப் பேர் போனவர். கணவரின் உடல்நிலை அவற்றில் இடைவிடாமல் வரும் விடயம். சார்ள்ஸ் வயதானவர், அடிக்கடி படுக்கையில் விழுபவர். அவர் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பது நண்பர்களுக்குப் போகும் செய்தி. மற்றவர்களின் நலத்திலும் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். ஊரில் பெரியம்மைப் பயம் வந்தபோது அயல்வீட்டுக் கவிஞர் டெனிசன் அம்மைப்பால் வைத்துக்கொள்ளத் தயங்கினாராம். அம்மையார் வீடு தேடிப் போய், கோழை என்று சத்தம் போட்டு ஊசி வைக்கச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. மலையில் எந்தக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு பெண்களை அறிமுகப்படுத்த வேண்டும். ஜூலியாவின் தங்கை மரியா, கல்கத்தாவில் வைத்தியராயிருந்த ஜோன் ஜக்சனின் மனைவி. வாதத்தாலும் தலைவலியாலும் பல காலம் வருந்தியவர். அவர் தம் மகளுக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி உடம்பைப் பற்றியே. தன் நோவு, மகளின் களைப்பு, பேரப்பிள்ளைகளின் இருமல், அதற்கு இந்த மருந்து, இதற்கு அந்தத் தைலம். வைத்தியரின் மனைவி என்றபடியால் மருந்துப் பெயர்களும் கைவசம். மகள் பெயரும் ஜூலியாதான், பின்னாளில் ஜூலியா ஸ்டீவன். அவர் தாயைப் பராமரித்தார், கணவரைப் பராமரித்தார், உறவில் யார் படுத்தாலும் ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தார். 1883 இல் நோயாளியின் அறையைப் பற்றிச் சிறு புத்தகமொன்றே எழுதினார். படுக்கையில் ரொட்டித் துணுக்குகள் கிடந்தால் நோயாளி படும் அவஸ்தையைக்கூட அதில் விபரமாகச் சொல்லியிருக்கிறார். வார்ட்டில் வேலை செய்த எங்களுக்கு அது சின்ன விடயமாகப் படவில்லை. படுக்கை விரிப்பின் ஒரு மடிப்பு, நாள் முழுதும் புரண்டு படுக்க முடியாதவருக்குப் புண்ணாகும்.

அந்த ஜூலியா ஸ்டீவனின் மகள்தான் எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃப். நோயைப் பற்றி இலக்கியம் ஏன் பேசுவதில்லை என்று கேட்டு 1926 இல் கட்டுரை எழுதியவர். பாட்டி கடிதத்தில் நோய், தாய் புத்தகத்தில் நோய், மகள் கட்டுரையில் நோய். மூன்று தலைமுறைப் பெண்கள் எழுதிவைத்தபடியால் அந்த வீட்டின் இருமல்கூட இன்று வரலாறாகிவிட்டது.

இந்தக் கடிதங்களில் ஒரு விடயத்தைக் கவனிக்கச் சொல்கிறோம். நோயைப் பற்றி அதிகம் எழுதுபவர் பெரும்பாலும் பராமரிப்பவர். பராமரிப்பவரின் உடம்பைப் பற்றிக் குறைவாகவே வரும். எல்லோருக்கும் பணிவிடை செய்த ஜூலியா ஸ்டீவன் 1895 இல் நாற்பத்தொன்பதாவது வயதில் இறந்தார். இன்ஃபுளுவென்சாவில் தொடங்கி வாதக் காய்ச்சலில் முடிந்தது. அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்த கணவர் அவருக்குப் பின்னும் இருந்தார். பெரியம்மா கமரனின் கதையும் இதுவே. அதைச் சொல்லத்தான் மறுபடி நம் மலைக்கு வருகிறோம்.

சார்ள்ஸ் கமரன் ஆணைக்குழுவுக்காக இலங்கை வந்த காலத்திலிருந்தே இந்த மண்ணில் ஆசை வைத்தவர். இங்கே கோப்பிக் காணிகள் வாங்கினார். புதல்வர்களில் சிலர் இங்கே தோட்டத்திலும் அரசாங்க சேவையிலும் இருந்தார்கள். 1869 இல் கோப்பி இலைகளில் துரு நோய் காணப்பட்டது. மனிதர்களின் நோயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த குடும்பத்துக்குச் செடியின் நோய் வந்து கடனைப் பெருக்கியது. 1873 இல் ஒரே மகள் பிரசவத்தில் இறந்தார். அம்மையாருக்குக் கமராவைக் கொடுத்த மகள் அவர். 1875 இல், சார்ள்ஸுக்கு எண்பது வயதில், இருவரும் கப்பலேறினார்கள். பல ஆண்டுகளாகத் தன் வீட்டு வளவைத் தாண்டாதிருந்த கிழவர், இலங்கை போவது என்று முடிவானதும் எழுந்து கடற்கரைக்கு நடந்தார் என்பது குடும்பக் கதை. இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுபோனார்கள், அவற்றுள் பீங்கான் கோப்பைகளை அடுக்கி அனுப்பினார்கள் என்பது இன்னொரு கதை. வர்ஜினியா வுல்ஃப் இதை வைத்து ஒரு நகைச்சுவை நாடகமே எழுதினார்.

அம்மையார் இங்கே படமெடுத்தார். களுத்துறையில் சிலவும் தோட்டங்களில் சிலவும். நம் மக்களின் முகங்களும் அவற்றில் இருக்கின்றன. நேரே பார்க்கும் கண்கள், மூக்குத்தி, சேலை முந்தானை. டெனிசன் படத்தின் கீழே டெனிசன் என்று பெயர் இருக்கிறது. இந்தப் பெண்களின் பெயர் இல்லை. யாருடைய அம்மாயியின் அம்மாயி என்று கேட்கவும் வழியில்லை.

1879 சனவரி 26 ஆம் திகதி ஜூலியா கமரன் இறந்தார். குளிர் தாக்கிச் சில நாள் நோய். கணவர் போய்விடுவார், போய்விடுவார் என்று பல ஆண்டுகள் பயந்து பயந்து பராமரித்தவர் அவருக்கு முன்னே போய்விட்டார். கடைசியாகச் சொன்ன சொல் 'அழகு' என்று குடும்பத்தில் சொல்வார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் எண்பத்தைந்து வயதில் சார்ள்ஸும் போனார்.

அம்மையார் இறந்த இடம் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெயார்ன் தோட்டம். நம் வாயில் அந்தப் பெயர் கிளங்கன். ஆம், நம் எல்லோருக்கும் தெரிந்த கிளங்கன் வைத்தியசாலையின் பெயர்தான். இந்திய அரசின் உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட அந்த வைத்தியசாலையை 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் திறந்துவைத்துவிட்டு, நம் நோர்வூட் மைதானத்துக்கு வந்து பேசியதை உங்களில் பலர் மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் கேட்டிருப்பீர்கள். பெரிய வீட்டு அம்மா குளிரில் இறந்த ஊரின் பெயரில் இன்று நம் பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

1820 களின் இறுதியில் தேசாதிபதி பார்ன்ஸ் நுவரெலியாவை ஆங்கிலேயரின் சுகவாச நிலையமாக்கினார். சமவெளியின் காய்ச்சலிலிருந்து தப்ப அவர்கள் மலைக்கு வந்தார்கள். நம்மவர்களோ மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளின் வெயிலில் பிறந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து இங்கே வந்தார்கள். வழியில் பேதியும் அம்மையும் கொண்டுபோனவர்களுக்குக் கல்லறை கிடையாது. வந்து சேர்ந்தவர்களுக்கு இந்தக் குளிரும் மழையும் அட்டையும் நோயாக நின்றன. ஒரே மலை, ஒரு கூட்டத்துக்கு மருந்தாகவும் மறு கூட்டத்துக்கு நோயாகவும் இருந்தது. தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று கட்டளைச் சட்டம் வந்தது 1872 இல். கொக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது 1916 இல். இவற்றைப் பற்றிய அறிக்கைகளில் நம் மக்களின் நோய் எண்களாக இருக்கிறது. இத்தனை பேருக்குப் பேதி, இத்தனை பேர் மரணம். இருமியது யார், இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தது யார் என்பது இல்லை. அதைச் சொல்வது கடிதம். நம்மிடம் கடிதம் இல்லையா?

இருந்தது. அதை எழுதியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும், மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஏற்பாடு. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை மறு பக்கம். அன்றிலிருந்து நம் வீடுகளுக்கும் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் மண்டபம் முகாமுக்கும் கடிதம் போகத் தொடங்கியது. எழுதத் தெரிந்தவர் குறைவு. ஆகவே பாடசாலைக்குப் போகும் பெண்பிள்ளைதான் லயத்துக்கே கடிதம் எழுதுபவள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஸ்தோப்பில் உட்கார்ந்து, நீல நிற வான்கடிதத் தாளை மடியில் வைத்து, அத்தை சொல்லச் சொல்ல எழுதியவர்கள் நாம்தான். இந்தப் பாடசாலை நமக்குக் கற்றுத்தந்த எழுத்து முதன்முதலில் பயன்பட்டது அதற்குத்தான்.

எப்படித் தொடங்குவோம்? நாங்கள் இங்கு நலம், அதுபோல் தங்கள் நலமறிய ஆவல். எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே நோய், இங்கே நோய், வீட்டில் ஒருவர் படுக்கையில், ஆனாலும் முதல் வரி அதே. பொய்யென்று சொல்ல மாட்டோம். கடல் கடந்து இருப்பவரின் நெஞ்சு முதலில் ஆறட்டும் என்று எழுதுவது அது. நோய் நாலாவது ஐந்தாவது வரியில் மெல்ல வரும். மாமாவுக்குக் கொஞ்சம் இருமல், டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தோம். சின்னவனுக்குக் கரப்பான், வேப்பிலை அரைத்துப் பூசினோம். 1973, 74 இல் அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்தில், கால் வீங்கியிருக்கிறது, உடம்பில் சத்தில்லை என்று எழுதச் சொன்னார்கள். பசி என்று எழுதச் சொன்னவர்கள் குறைவு.

சொல்பவரின் சொந்த நோவு வரும் இடத்தில் என்ன நடக்கும்? "எனக்கு அடிவயிறு ஒரு மாதமா வலிக்குது, அத எழுதாத புள்ள, அங்க கவலப்படுவாங்க" என்று சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காதில் விழும், தாளில் விழாது. மரியா ஜக்சன் தன் நோவை நாள்தோறும் எழுத முடிந்தது. அவருக்குப் படுக்க அறை இருந்தது, நேரம் இருந்தது, பணிவிடைக்கு ஆள் இருந்தது. நம் அத்தைக்கு ஒரு நாள் படுத்தால் அன்றைக்குப் பேர் இல்லை. பாதியில் திரும்பினால் அரைப்பேர். பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறியாக வேண்டும். நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே செலவு. எங்களில் தாதியாக இருந்தவர் சொல்வது இது: மார்பில் கட்டியோடும் கர்ப்பப்பை நோயோடும் வரும் தோட்டத்துத் தாய்மாரிடம் எப்போதிலிருந்து என்று கேட்டால், முதலில் போன கிழமை என்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டால், போன வருடம் தீபாவளிக்கு முந்தி என்பார்கள்.

இவ்வளவு எழுதினோமே, அந்தக் கடிதங்கள் எங்கே? அதற்கு நம் வழக்கமே பாதிப் பதில். நல்ல செய்தி வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும், சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். சாவுச் செய்தி மூலையில் கறுப்போடு வரும். படித்த கையோடு கிழித்துப் போடுவோம், வீட்டுக்குள் வைக்க மாட்டோம். தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும், அந்தத் தாளை யார் தேடுவது? நோயும் சாவும் வந்த கடிதங்களையே நாம் தேடித்தேடி அழித்தோம். மிச்சத்தைக் கூரை ஒழுக்கும் லயத்துத் தீயும் மண்சரிவும் எடுத்துக்கொண்டன. கமரன் குடும்பத்தின் கடிதங்கள் பிழைத்ததற்கு அவர்களின் நோய் பெரிது என்பது காரணமில்லை. அவற்றை வைக்க உலர்ந்த அலுமாரி இருந்தது.

ஆகவே நூற்றாண்டில் சங்கத்திடமும் உறுப்பினர்களிடமும் மூன்று விடயங்களைக் கேட்க வந்திருக்கிறோம்.

முதலாவது, வீட்டில் மிஞ்சியிருக்கும் கடிதங்களைத் தேடுங்கள். தகர டிரங்குப் பெட்டியில், பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு, பழைய பிறப்புச் சான்றிதழோடு, சேலை மடிப்பில் இருக்கும். கிழிக்க வேண்டாம். கொடுக்க மனமில்லாவிட்டால் கைபேசியில் படமெடுத்துத் தாருங்கள். யார் யாருக்கு எழுதியது என்று பெயரை மறக்காமல் குறியுங்கள். கமரன் அம்மையார் எடுத்த படங்களில் நம் பெண்களுக்கு நேர்ந்தது நாமே சேர்க்கும் கடிதங்களில் நேரக் கூடாது. கடிதம் இல்லாவிட்டால், லயத்துக்குக் கடிதம் எழுதிய பழைய மாணவிகள் ஞாபகத்திலிருப்பதைச் சொல்லுங்கள், இளைய மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். அடுத்தவர் வீட்டு இரகசியம் என்று தோன்றுவதை உறவினரின் சம்மதம் இல்லாமல் வெளியிட வேண்டாம். சேமிப்பது ஒன்று, அச்சடிப்பது வேறொன்று.

இரண்டாவது, உங்கள் குடும்பத்தின் நோய் வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கிளினிக்கில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, குடும்பத்தில் யாருக்காவது சீனி, பிரஷர், இருதய நோய், புற்றுநோய் இருந்ததா என்பது. நம்மில் பலருக்கு அம்மாயி எதனால் இறந்தார் என்று தெரியாது. நெஞ்சடைத்து என்போம், வயிற்று நோவு என்போம், செய்வினை என்றும் சொல்வோம். தாய், தாயின் தாய், அத்தை, சின்னம்மா ஆகியோருக்கு என்ன நோய், எத்தனை வயதில் என்று நாலு வரி போதும். மார்பகப் புற்றுநோய் போன்றவற்றில் அந்த நாலு வரி உங்கள் மகளின் உயிரைக் காக்கக்கூடும். முப்பத்தைந்து வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போவதை ஒத்திவைக்க வேண்டாம். சோற்றோடு சேர்த்துக் கடும் தேத்தண்ணீர் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தசோகை மிகுந்த நம் பெண்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேயிலையால் வாழும் நாம் அதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனாலும் சொல்கிறோம்.

மூன்றாவது, முகவரி. கமரன் குடும்பத்துக்கு எந்தக் கண்டத்திலிருந்தும் கடிதம் போய்ச் சேர்ந்தது. நம் தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு இன்றும் வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் கைமாறிக் கைமாறி வருகிறது, சில நேரம் வராமலும் போகிறது. பல்கலைக்கழகக் கடிதம், நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திவந்து வாய்ப்பை இழந்த பிள்ளைகளை நமக்குத் தெரியும். வைத்தியசாலையிலிருந்து வரும் பரிசோதனை அறிவித்தல் பிந்தினால் இழப்பது வாய்ப்பை மட்டுமா? வீட்டுக்கு இலக்கம், பாதைக்குப் பெயர், கதவுக்குத் தபால் என்பது ஆடம்பரம் அன்று. பட்டம் பெற்ற, பதவியிலிருக்கும் பழைய மாணவிகள் இந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள். பிரதேச சபையிலும் தபால் திணைக்களத்திலும் இதைச் சங்கத்தின் பெயரால் எழுத்தில் கேட்போம். கடிதம் எழுதுவது நமக்குப் பழக்கமான வேலைதானே.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கடிதம் தெரியாது, வட்ஸ்அப் தெரியும். பரவாயில்லை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அம்மா இரவில் அனுப்பும் குரற்செய்தியும் கடிதம்தான். அதிலும் நான் நல்லா இருக்கேன், நீங்க எப்படி என்றுதான் தொடங்குவார். அவருக்கும் முதுகு வலி இருக்கும், சொல்ல மாட்டார். நலமா என்று ஒரு தரம் கேட்டு விடாதீர்கள். இரண்டாம் தரம் கேளுங்கள். உண்மையான பதில் இரண்டாம் கேள்விக்குத்தான் வரும் என்பது வார்ட்டில் முப்பது வருடம் நின்றவரின் அனுபவம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலையில் பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அப்பாவுக்கு, மாமாவுக்கு, லயத்துக்கு எழுதினோம், பயன்பட்டது. இனி நம் உடம்பைப் பற்றியும் நாமே எழுதுவோம். அம்மாவின் நோவு அம்மாவின் வாயிலிருந்து அம்மாவின் பெயரோடு தாளில் ஏறட்டும். அடுத்த நூற்றாண்டு மலரைத் தயாரிக்கும் பிள்ளைகள் கிளங்கன், நோர்வூட், பொகவந்தலாவைப் பெண்களின் நலத்தைப் பற்றி எழுத உட்காரும்போது, கல்லறைக் கல்லையும் அரசாங்க எண்களையும் மட்டும் நம்பி இருக்க வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். நலமில்லாவிட்டால் சொல்லுங்கள்.